கொலு பார்க்கில் மூன்று செடிகள்

அந்த வருஷம் கிரீஷ் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் கஞ்சா வளர்த்ததுதான் என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ஆனால் உண்மை அதுதான். தரமணியில் அவன் வேலை பார்த்த கம்பெனி ஆனி மாதத்தில் ஒரே மெயிலில் ஒரு மாடியையே காலி செய்தது. அந்த மாடியில் அவனும் இருந்தான். அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லி, அவர் மூலமாக அம்மாவுக்குச் சொல்லியிருப்பான். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் அம்மா ஸ்ரீரஞ்சனியிடம் சொல்லவே இல்லை.

தினமும் காலையில் அவள் கட்டிக் கொடுக்கும் தயிர் சாத டப்பாவோடு மந்தைவெளியில் ரயில் ஏறுவான். தரமணி வரை போக வெட்கமாக இருக்கும். கோட்டூர்புரத்தில் இறங்கி, லைப்ரரியில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போடுவான். சாயங்காலம் களைத்த முகத்தோடு வீடு திரும்புவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவன் அதைத் தயிர் சாதத்தில் மறைத்தான். பகலில் முடிந்தது. இரவில் முடியவில்லை. தூக்கம் அவனை விட்டுப் போயே போய்விட்டது.

ஒரு தடவை பெசன்ட் நகர் பீச்சில் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் நீட்டியதை இரண்டு இழுப்பு இழுத்தான். அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். இன்னொரு நாள் அப்படித் தூங்க ஆசைதான். ஆனால் விற்கிறவர்களிடம் போய் நிற்கப் பயம். வாங்கப் பயம், வளர்க்கப் பயமில்லை. படித்த பிள்ளைகளின் புத்தி இப்படித்தான் போகும். விதை அந்த நண்பனிடமே கிடைத்தது. மண் மூட்டையை அம்மா கண்ணில் படாமல் மாடி ஏற்ற முடியாது, தண்ணீரை யார் கேட்கப் போகிறார்கள்? மண்ணில்லாமல் தண்ணீரிலேயே வெளிநாட்டுக் கீரை வளர்க்க என்று ஆன்லைனில் விற்கும் தொட்டி, விளக்கு, குட்டி மோட்டார் எல்லாம் வாங்கித் தன் அறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். உள்ளே ஆபீஸ் மெஷின் ஓடுகிறது, தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அம்மாவிடம் சொன்னான். பாவம், அவள் ஈரக் கையோடு அந்தப் பக்கமே போகவில்லை.

முதலில் போட்டதெல்லாம் அழுகியது. அடுத்தது நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் மஞ்சளாகிச் செத்தது. மூன்றாம் தடவை மூன்று செடிகள் பிழைத்து, முழங்கால் உயரத்துக்கு நின்றன. வேடிக்கை என்னவென்றால், அவன் அதில் ஓர் இலையைக் கூடக் கிள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப்போட்டான். கிள்ளிவிட்டால் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கும்? சில இரவுகளில் அந்த மோட்டாரின் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்சம் கண்ணயர்ந்தான். மருந்தை விட மருந்துச் செடிக்குத் தண்ணீர் மாற்றுவதுதான் அவனுக்கு வேலை செய்தது.

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே ஏழு படி கொலு. படிகளுக்குக் கீழே, அவன் சின்ன வயதில் வருஷா வருஷம் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் போடும் பார்க். பிளாஸ்டிக் வேலி, கண்ணாடித் துண்டால் குளம், யானை, புலி, கையைத் தூக்கி நிற்கும் டிராபிக் போலீஸ் பொம்மை. அந்தப் போலீஸ்காரர் தலைக்கு மேல் குடை பிடித்த மாதிரி, தொட்டியோடு பச்சைத் துணி சுற்றி, அவனுடைய மூன்று செடிகளும் நின்றன.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியுமா?

நடந்தது இதுதான். பார்க் சாமான் பெட்டி அவன் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அம்மா தன் சாவிக்கொத்திலிருந்த இன்னொரு சாவியால் பயந்து பயந்து திறந்திருக்கிறாள். மெஷினைக் காணோம். ஊதா வெளிச்சத்தில் பச்சைப் பசேலென்று செடிகள். காலேஜ் சேர்ந்ததிலிருந்து பார்க் பக்கமே வராத பிள்ளை, அப்பா போன பிறகு கொலுவில் ஒரு பொம்மை கூட எடுத்து வைக்காத பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாமல் ரகசியமாக வளர்த்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

வந்த மாமிகளில் ஒருத்தி புளிச்சகீரை என்றாள், இன்னொருத்தி மரவள்ளி என்று அடித்துச் சொன்னாள். அம்மாவுக்குப் பெயர் முக்கியமில்லை. மண்ணே இல்லாமல் தண்ணீரிலேயே என் பிள்ளை வளர்த்தது என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை. அதுதான் அவனை அதிகமாக வதைத்தது.

மேல் வீட்டு சிந்து கொலுவைப் போட்டோ எடுத்து, அப்போதே அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிட்டிருந்தாள். எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். கடைசியாக, கீழ் வீட்டு அனுப்ரியா எழுதியிருந்தாள்: "சூப்பர் மாமி! இன்னிக்கு டூட்டி. நாளைக்கு சாயங்காலம் நேர்ல வரேன். அது என்ன செடி?"

அனுப்ரியா போலீஸில் சப் இன்ஸ்பெக்டர்.

கடைசி மாமி தாம்பூலமும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனதும், செடி வாடிப்போகும், உள்ளே எடுத்து வைக்கிறேன் என்று மெதுவாக ஆரம்பித்தான். அம்மா விடவில்லை. கலசம் வைத்துக் கொலுவும் வைத்த பிறகு ஒரு துரும்பைக் கூட நகர்த்தக் கூடாது. விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் எதையும் தொடலாம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதான் சட்டம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் கூட அவள் அதை மீறியதில்லை.

இனிமேல் சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சமில்லை.

"அம்மா, அது கஞ்சா."

அவள் கொலுவைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்பாள் காலடியில என் கையாலயே கொண்டு வெச்சேனேடா" என்றாள். "நீ அதை எடுத்துக்கறயா?"

"இல்லம்மா. இதுல ஒரு இலை கூடத் தொடலை."

"பின்ன எதுக்குடா?"

"தூக்கம் வரலைம்மா."

அனுப்ரியா நாளைக்கு வருவாள் என்பது அவளுக்கும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் முதலில் போலீஸைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். அவள் அதைக் கேட்கவில்லை.

"எத்தனை நாளாடா தூங்கலை?"

அதற்குத்தான் அவன் உடைந்துபோனான். வேலை போனதை, மெயிலை, ரயிலை, எல்லாவற்றையும் சொன்னான். அழுதுகொண்டேதான் சொன்னான். தினமும் கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தை எங்கே வைத்துச் சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டாள். லைப்ரரி வாசல் மரத்தடியில் என்றான். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பால் காய்ச்சினாள். சர்க்கரை போட்டு நைவேத்தியம் செய்து ஆரத்தி எடுத்தாள். கலசத்தை இரண்டு கையாலும் பிடித்து வடக்குப் பக்கமாக நகர்த்தினாள். என்ன செய்கிறாள் என்று கிரீஷுக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டாம்மா, முதல் நாளிலேயே கொலுவை முடிக்காதே, ஊரே கேட்கும் என்று கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடியை மேல்படியிலிருந்து எடுத்து, மடித்த பட்டுத்துணி மேல் படுக்க வைத்தாள்.

"ம், இப்ப எடு" என்றாள்.

அவனே பிடுங்கினான். வெள்ளை வேர்கள் சொட்டச் சொட்ட வந்தன. அத்தனை நாள் பார்த்துப் பார்த்து வளர்த்தது, கை கூசத்தான் செய்தது. துண்டு துண்டாக நறுக்கி, பக்கெட்டில் பினாயிலை ஊற்றி மூழ்கடித்தான். அம்மா பக்கத்திலேயே நின்றாள். பிறகு போனை எடுத்து, ஆத்துல உடம்பு சரியில்லை, இந்த வருஷம் கொலு இன்றோடு முடிந்தது, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம் என்று குரூப்பில் போட்டாள். எழுதிவிட்டு, இது பொய் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். நைவேத்தியப் பாலை ஒரு டம்ளரில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"பொம்மை தூங்கியாச்சு. நீயும் படு."

படிகளுக்கு எதிரே, வெறும் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தான். அறையில் மோட்டார் சத்தம் இல்லை. அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் தயிர் சாதம் கட்டவில்லை. மந்தைவெளியில் அவனுடைய ரயில் வந்து போயிற்று. அவள் அவனை எழுப்பவும் இல்லை.