பக்கத்துப் பாத்தி

காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வந்தால் இசக்கியம்மாவின் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும்; கண் மட்டும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கு இறங்கும் சரிவில், எஸ்டேட் நிர்வாகம் குடும்பத்துக்கு ரெண்டு சென்ட் என்று அளந்து கொடுத்த காய்கறி நிலம் அது. இசக்கியம்மாவின் துண்டும் தெய்வம்மாவின் துண்டும் ஒட்டிக் கிடந்தன. தன்னுடைய பீன்ஸ் கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டால் இசக்கியம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. தெய்வம்மாவின் கொடி நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. அவ கொடி கம்பு உச்சிக்கே போயிருச்சு."

அவள் புருஷன் சின்னராஜுக்கு எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தான். "போனா போகட்டும். நம்ம ஊட்டுக் கூரையையா பிரிக்கப் போவுது?"

"உங்களுக்கு ஒண்ணும் ஒறைக்காது" என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். துப்பிய வேகத்தில் கோபம் கொஞ்சம் தெரிந்தது.

இது எண்பத்தாறாம் வருடம், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். இசக்கியம்மாவின் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேயே கொழுந்து பறிக்கும் குடும்பம். தெய்வம்மாவின் குடும்பம் நாலு வருடத்துக்கு முன்புதான் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கேயும் தேயிலைதான், அதே கூடைதான். ஆனாலும் வந்த நாளிலிருந்து லைனில் ஒரு பேச்சு உண்டு. "சிலோன்காரங்களுக்குத்தான் எல்லாம். வீடு, வேலை, லோனு. இங்கியே கெடந்தவங்களுக்கு என்ன?" இந்தப் பேச்சை அதிகமாகப் பேசியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டப் போட்டியை ஆரம்பித்து வைத்தது டி.வி. அந்தச் சித்திரையில் எஸ்டேட் கிளப்புக்கு ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. வந்தது. மூங்கில் கம்பத்தில் ஏரியலைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து "வந்திருச்சு, வந்திருச்சு, போயிருச்சு" என்று கத்த, மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் பேன்ட் போட்ட ஒருவர் வந்து, புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எப்படி மேட்டுப்பாத்தி அமைப்பது என்று காட்டினார். நாலு பக்கமும் பலகை அடித்து, உள்ளே ஒரு முழத்துக்கு மண்ணும் எருவும் நிரப்பி விதை போட வேண்டும். பார்க்க அழகாக, பெட்டி பெட்டியாக இருந்தது.

மறுநாளே இசக்கியம்மா உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஃபாக்டரியிலிருந்து கேட்டு வாங்கிவரச் சொன்னாள். முனை உடைந்த பழைய மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக நேர்கோடு பிடித்த மாதிரி நாலு பாத்தி போட்டாள். லைனே திரண்டு வந்து பார்த்தது. "டி.வி. தோட்டம்" என்று பேரும் வைத்தது. ரெண்டு மாதம் அவள் கால் தரையில் படவில்லை.

டி.வி.யில் காட்டிய நிலம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சமமாக இருந்தது. இங்கே நிலம் சரிவு. ஆனி மழை வந்த முதல் வாரத்திலேயே மண், எரு, பலகை, முள்ளங்கி எல்லாம் ஒன்றாக ஓடைக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கத்தில் தெய்வம்மா போட்ட பாத்திகள் அசையாமல் நின்றன. அவள் சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டு, பலகைக்குப் பதிலாகக் கல் அடுக்கி, மேல்பக்கம் தண்ணீர் வடிந்து போக வாய்க்கால் வெட்டியிருந்தாள். சிலோன் தோட்டங்களில் அதற்குக் கான் என்று பேர். அவள் புருஷன் ராஜரத்தினம் அங்கே இருபது வருடம் கான் வெட்டியவன்.

"அக்கா, கொறை நினைக்காதீங்க. பாத்திய குறுக்கால போட்டு, மேல ஒரு கான் வெட்டிட்டீங்கன்னா மழை ஒண்ணும் செய்யாது. மரக்கறி நல்லா வரும். நான் வந்து காட்டித்தரவா?"

தெய்வம்மா மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் இசக்கியம்மாவைச் சுட்டது. "எனக்குத் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு யாரும் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகப் பார்த்து, பக்கத்துப் பாத்தியைப் பார்த்துப் பார்த்து அப்படியே குறுக்கே வெட்டினாள். கானும் வெட்டினாள். பயிரும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் நல்லது என்று பார்க்க அவளுக்குக் கண் இல்லை. லைனில் பேரெல்லாம் இப்போது தெய்வம்மாவுக்கு. "மரக்கறியாம், மரக்கறி. பீன்ஸுன்னு சொல்லத் தெரியல, போஞ்சியாம். லைன் வீடு லயமாம்" என்று கொழுந்து பறிக்கும்போது பழித்துக் காட்டுவாள். சிரிக்கிறவர்களும் சாயந்திரம் தெய்வம்மாவிடம் போய் நாற்று கேட்டார்கள்.

ஐப்பசியில் அந்தச் செய்தி வந்தது. எஸ்டேட் வெல்ஃபேர் ஆபீசர் கிளப்பில் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். "டி.வி.க்காரங்க வர்ற புதன்கிழமை வர்றாங்க. மலைச்சரிவுல தொழிலாளிங்க போட்ட தோட்டத்தைப் படம் பிடிக்கணுமாம். ஒரு தோட்டம் போதும்னு சொல்லிட்டாங்க. தோட்டத்துக்காரங்க ரெண்டு நிமிஷம் பேசணும். தெய்வம்மா தோட்டத்தைக் காட்டலாம்னு இருக்கேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். இசக்கியம்மாவும் தட்டினாள், சத்தம் வராமல். டி.வி.யைப் பார்த்து முதலில் பாத்தி போட்டது யார்? மூணு தலைமுறையாக இந்த மண்ணில் கிடப்பது யார்? நேற்று வந்தவள் டி.வி.யில் வர, நான் பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? அவளுக்கு வயிறு எரிந்தது.

அது போதாதென்று தெய்வம்மா தன் வாசலில் ஒரு சேலையைக் காயப்போட ஆரம்பித்தாள். பெரிய பெரிய கட்டம் போட்ட பழைய சேலை. துவைத்தாள், கஞ்சி போட்டாள், காயவைத்தாள், மடித்தாள், மழை ஈரம் பிடித்துவிட்டதென்று மறுபடி காயவைத்தாள்.

"பாத்தீங்களா மினுக்கறத? சினிமாவுல நடிக்கப் போறான்னு நெனப்பு" என்றாள் இசக்கியம்மா.

சின்னராஜ் வேலைக்குக் கிளம்பினான். அவனுக்குப் பழகிவிட்டது.

திங்கட்கிழமை சாயந்திரம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் விறகை உள்ளே எடுத்துப் போடும் நேரம். இசக்கியம்மா மம்பட்டியோடு தோட்டத்துக்கு இறங்கினாள். தன் கானைச் சரிபார்க்கத்தான் போனாள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அவளே அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் கை ரெண்டு புல்லுக்கட்டியைப் பெயர்த்தது. அதைத் தெய்வம்மாவின் கானில் வைத்து, காலால் ரெண்டு மிதி மிதித்து அடைத்தது. பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

மழை அன்றைக்கு நிதானமாகப் பெய்யவில்லை. அடைபட்ட தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு தெய்வம்மாவின் பாத்திகளுக்குள் பாய்ந்தது. விடிந்து பார்த்தபோது கல்வரிசை சரிந்து, பீன்ஸ் கொடிகள் கம்போடு சாய்ந்து, முட்டைக்கோஸ்கள் ஓடைக்கரையில் உருண்டு கிடந்தன.

தெய்வம்மா கானுக்குள் இறங்கி நின்று, அந்தப் புல்லுக்கட்டிகளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரமாகப் போட்டாள். சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. வெல்ஃபேர் ஆபீசர் வந்து பார்த்து உச்சுக் கொட்டினார். "வேற வழியில்ல. பக்கத்துத் தோட்டத்தைக் காட்டிரலாம். இசக்கியம்மா, நாளைக்கு நீயே பேசிரு."

நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் பகல் முழுக்க அவளுக்குக் கொழுந்து கூடையில் விழுந்ததா கீழே விழுந்ததா என்றே தெரியவில்லை.

சாயந்திரம் தெய்வம்மா அவள் வாசலுக்கு வந்தாள். கையில் மடித்த கட்டம் போட்ட சேலை.

"அக்கா, ஒரு ஒதவி கேக்க வந்தேன். நாளைக்கு இந்தச் சேலைய கட்டிக்கிறீங்களா?"

இசக்கியம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன் புள்ள, எங்கிட்ட கட்டிக்கச் சேல இல்லியா?"

"அதுக்கில்லக்கா. எனக்கு சங்கிலின்னு ஒரு தம்பி. அவனுக்கு வேற பாஸ்போட்டு. எங்களுக்கு முந்தின கப்பல்ல போனான். தலைமன்னார்ல அவன அனுப்பி வைக்கையில இந்தச் சேலதான் கட்டியிருந்தேன். நாங்க கப்பல் எறங்கி மண்டபம் கேம்ப்புக்கு வந்து விசாரிச்சா, கோயமுத்தூர் மில்லுக்குப் போனான்னு ஒருத்தர் சொல்றாரு, கொடைக்கானல் பக்கம்னு இன்னொருத்தர் சொல்றாரு. நாலு வருசமா எழுதாத எடமில்ல, பதிலு இல்ல. டி.வி.ல என் மூஞ்சி தெரிஞ்சா எங்கயாச்சும் இருந்து பாப்பான்னு நினைச்சேன்."

சேலையின் மடிப்பை நீவினாள்.

"மூஞ்சிதான் இல்லன்னு ஆயிருச்சு. சேலையாவது தெரியட்டும். டி.வி.ல கலர் தெரியாதாம். கட்டம் தெரியும்ல அக்கா?"

இசக்கியம்மா கையை நீட்டினாள். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு, சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செத்துப் போய்விடலாம் போல அவமானமாக இருந்தது. இந்தச் சேலையைத்தானே மினுக்கு என்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னராஜ் வந்து விஷயம் கேட்டான். முழுவதும் சொன்னாள். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு அவன் அவளோடு சாப்பிடவில்லை.

புதன்கிழமை தோட்டத்தைச் சுற்றி லைனே கூடியிருந்தது. டி.வி.க்காரர்கள் முக்காலியை நட்டுக் கேமராவை ஏற்றினார்கள். இசக்கியம்மா வந்தாள். புதுச்சேலை இல்லை, பூ இல்லை. இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்குப் படங்கு, கையில் கட்டம் போட்ட சேலை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தெய்வம்மாவின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள்.

"போய் இதக் கட்டிட்டு வா புள்ள. நீதான் பேசணும்."

"என்ன இசக்கியம்மா இது, நேரம் ஆகுது!" என்று ஆபீசர் அதட்டினார்.

"இருங்க சார். இந்தப் பாத்தி அவளப் பாத்து நான் போட்டது. அவ பாத்திய மழ கெடுக்கல, நான் கெடுத்தேன். அவ கானை அடச்சது நான். வயித்தெரிச்சல்ல செஞ்சேன்."

இசக்கியம்மா தெய்வம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும் அக்கா" என்றாள் தெய்வம்மா. "புல்லுக்கட்டியில மம்பட்டி வெட்டு இருந்துச்சு. முனை ஒடஞ்ச மம்பட்டி இந்த லயத்துல ஒங்ககிட்டதான் இருக்கு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட சேலையக் குடுத்தே?"

"வேற யார்கிட்ட குடுக்க? ஒங்க தோட்டத்துலதானே படம் புடிக்கிறாங்க."

இசக்கியம்மா பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, அழுதாள்.

தெய்வம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து பேசினாள். பாத்தி ஏன் குறுக்கே, கான் ஏன் மேலே, போஞ்சிக்குக் கம்பு எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, கேமராவையே பார்த்து, "தம்பி சங்கிலி, அக்கா பந்தலூர்ல இருக்கேன்டா" என்றாள். டி.வி.க்காரர் குறுக்கிடவில்லை.

அடைமழை விடும்வரை தெய்வம்மாவின் பாத்தி சரிந்தபடியே கிடந்தது. மூன்று வாரம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கிளப்பில் நிற்க இடமில்லை. சின்னராஜ் வெளியே மூங்கில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இசக்கியம்மா தெய்வம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுளே, திரையில் கோடு விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தன் முகம் வரவேண்டும் என்றுகூட அவள் இவ்வளவு வேண்டியதில்லை. முகம் வந்தது. பெரிய பெரிய கட்டங்கள் திரை முழுக்கத் தெரிந்தன. "தெய்வம்மா, பந்தலூர்" என்று எழுத்தும் வந்தது. ஆனால் தம்பியைக் கூப்பிட்ட கடைசிப் பேச்சை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அடப்பாவிகளா, அதையா வெட்டுவீங்க!" என்று இசக்கியம்மா டி.வி. பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

தெய்வம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "மூஞ்சியும் ஊரும் வந்திருச்சுல்லக்கா. அது போதும். பாத்திருப்பான்."

பக்கத்து லைன் கனகமணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் இசக்கி, நீ வந்திருக்க வேண்டிய எடம். அவ வந்துட்டா. உனக்கு எரியலியா?"

இசக்கியம்மா எழுந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"எரிஞ்சுதுங்க, நெறைய எரிஞ்சுது. அவ பாத்தி சரிஞ்ச அன்னிக்கு என் பாத்திய அளந்து பாத்தேன். ஒரு விரக்கடை கூட ஒசரல. அடுத்தவளத் தாழ்த்தினா நம்ம ஒசந்துருவோம்னு நெனக்கறது போல முட்டாத்தனம் வேற இல்லீங்க. கப்பல்ல வந்தவ, மலையேறி வந்தவன்னு இனி எவளும் பேசாதீங்க. எங்க தாத்தனும் ஒருநாள் வந்தவருதான். நாளைக்குக் காலையில எல்லாரும் மம்பட்டிய எடுத்துட்டு வாங்க. நாங் கெடுத்த பாத்தியத் திரும்பப் போடணும். மொத வெட்டு நான் வெட்டறேன்."