மச்சானின் பேட்டரி

என் மனைவி நௌரினின் அண்ணன் அப்ஸல், மின்சாரக் கார் வாங்கிய புதிதில் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, சாயா குடித்துவிட்டு அதே சார்ஜில் திரும்பிவிடுவார். அன்று நல்ல மனிதர். எட்டு வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிட்டது. இப்போது வருவதற்கே சரியாகிவிடுகிறது. திரும்பிப் போக எங்கள் வீட்டு பிளக்கில் பத்து மணி நேரம் கார் கிடக்க வேண்டும். கூடவே அவரும் கிடப்பார்.

"வெளிய சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கே மச்சான்?"

"அந்த வேகம் பழைய பேட்டரிக்கு ஆகாது மச்சான்."

இன்று அவர் பிளக்கைச் செருகியதும் நான் சத்தமில்லாமல் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"கரண்ட் போச்சு, மச்சான்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வர்றப்ப வரட்டும். நௌரின், நாளைக்குக் கரிமீன் வாங்கு."

ஃபேன் இல்லாமல் வியர்த்துக் கொட்டுகிறது. சுவிட்சைப் போடவும் வழியில்லை. அதற்கு நேர் கீழேதான் பாய் விரித்திருக்கிறார்.