லிண்டல் வரைக்கும்

கொத்தனார் ஏசுவடியான் கலவைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததைப் பார்த்துப் பூமாரி கிட்டே வந்தாள். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. பிரசவ அறையின் சுவர் வாசல் நிலைக்கு மேலே லிண்டல் வரைக்கும் எழும்பி நின்றது. உள்ளே நின்று நிமிர்ந்தால் கார்த்திகை மாதத்து மேகம்தான் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கை கழுவிட்டிய?"

"வேலைய நிறுத்தச் சொல்லிட்டாக தாயி. இது அகதிகளுக்குன்னு வந்த பணம். அவுக ஊருக்குக் கப்பலேறிட்டா கட்டடம் யாருக்குன்னு கேக்காகளாம்."

"ஏன், நாங்க இல்லையா?"

"ஒங்களுக்குன்னா இம்புட்டு வருசத்துல ஒரு செங்கலாவது வந்திருக்கும்லா" என்று சிரித்துக்கொண்டே கரண்டியைச் சாக்கில் போட்டார்.

அது உண்மைதான். மனு எழுதி எழுதி ஊரே சலித்துக் கிடந்தபோது பழைய பருத்தி கோடவுனில் சிலோன்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே குழாய் வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, இந்தச் சுவரும் வந்தது. முகாமுக்கும் ஊருக்கும் பொது என்று தாசில்தார் சொன்ன அன்று பூமாரி தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். இதற்கு முந்தின பிள்ளை, கரிசல் சேற்றில் புதைந்த வண்டியிலேயே பிறந்து, அழாமலே போனது. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு அப்போதும் பாதி வழி கிடந்தது. சக்கரம் சேற்றை அரைத்த சத்தம் இப்போதும் கண்ணை மூடினால் கேட்கிறது. இந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. மழையும் இறங்கப் பார்க்கிறது.

வீட்டுக்கென்று நடந்தவள் கோடவுனுக்குள் நுழைந்தாள். அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. கயிற்றில் சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். தவமணி தன் பங்கு இடத்தில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ பூமாரி, உங்களைத்தான் நினைச்சனான். ஊருக்குப் போகப் பெயர் குடுக்க இண்டைக்குத்தான் கடைசி. அவர் இன்னும் யோசிக்கிறார். உங்கட ரேடியோவில என்ன சொல்லினம்? எங்கட பக்கம் சண்டை அடங்கிட்டுதாமோ?"

முகாமில் ரேடியோ இல்லை. பூமாரிதான் செய்தி கேட்டு வந்து சொல்வாள். நாலைந்து நாளாக அதில் பாட்டரி தீர்ந்து கிடந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தவமணியின் முகம் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டவளின் முகமாக இருந்தது. இவள் போனால் எல்லோரும் போவார்கள். அப்புறம் மழை, வண்டி, சேறு. உள்ளே பிள்ளை ஒரு பக்கமாக உருண்டது.

"ரேடியோவுல சண்டைன்னுதான் சொன்னான். ரொம்பச் சண்டையாம்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருவேளை நிஜமாகவே நடந்துகொண்டிருக்கலாம் என்று மனம் உடனே ஒதுங்க இடம் தேடியது. தேடிய இடத்தில்தான் தன் வேண்டுதல் அவளுக்குத் தெரிந்தது: அங்கே நெருப்பு அணையக் கூடாது, இங்கே மேலே கான்கிரீட் போடும்வரைக்காவது.

தவமணி சாக்குக்குள் கைவிட்டு ஒரு சட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"நல்லகாலம், உங்களைக் கேட்டது. உங்கட பிள்ளை பிறக்கேக்க நான் பக்கத்தில இருப்பன், பயப்பிடாதேங்கோ." பூமாரியின் கையை அழுத்திவிட்டு, பக்கத்துச் சேலையை விலக்கி எதையோ தாழ்ந்த குரலில் சொன்னாள்.

சொன்னது சேலைக்குச் சேலை நகர்ந்தது. எங்கோ ஒரு டிரங்குப் பெட்டி திறந்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்றது ஒரு ஆண் குரல். கோடவுனின் கோடியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்கள். இல்லை, நான் ரேடியோவே கேட்கவில்லை என்று இப்போதே சொல்லிவிடலாம். ஒவ்வொரு சேலையைத் தாண்டும்போதும் சொன்ன பொய் கூடுதல் கனமாகிக்கொண்டே போனது. வெளியே போய்விடத் திரும்பினாள்.

எதிர்ச் சேலை விலகியது. பூமாரி முன்பின் பேசியிராத ஒரு பெண்.

"பிள்ளை, சண்டை எந்த ஊரெண்டு சொன்னவை? எங்கட பேசாலைப் பக்கமோ? அம்மா அங்க தனிய."

பூமாரிக்கு அந்தத் தேசத்தில் ஒரு தெருவைக்கூடத் தெரியாது. அந்தப் பெண் சேலையைக் கீழே விடாமல் பிடித்திருந்தாள். அவளுடைய தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் சில முகங்கள், எல்லாம் பூமாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டு.