ரசீது இல்லாத கோழி இறக்கை

"காசு வேண்டாம்" என்று கடைக்காரர் ஓர்வில் சொன்னதும் வெர்னெல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மகன் கர்ட்டிஸ் அதற்குள் இரண்டு கோழி இறக்கைகளை முடித்துவிட்டு மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தான். அதைப் பிடுங்கித் தட்டில் போட்டாள். முப்பத்து நான்கு வயது ஆள், ரொட்டிக் கம்பெனி லாரி ஓட்டுகிறவன், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"பில்லு குடுங்க."

"பில்லே கிடையாது மிஸ் வெர்னெல். உங்களுக்குப் பின்னாடி சுவரைப் பாருங்க."

திரும்பினாள். சுவரில் ஆள் உயர விளம்பரப் படத்தில் அவள் மகள் ஜானே. இந்த ஊர்க் கல்லூரியின் சாஃப்ட்பால் அணியில் மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர். முகமூடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கையில் ஓர்வில் கடை இறக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் பெருமைப்பட வேண்டிய நேரத்தில் வெர்னெலுக்குப் பழைய படம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் கர்ட்டிஸ் இதே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தான். ஒரு சனிக்கிழமை ஜெயித்த சந்தோஷத்தில் இதே ஓர்வில் அவனுக்கு ஒரு தட்டு இறக்கையைச் சும்மா கொடுத்தார். யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். உதவித்தொகைக்கு மேல் ஒரு பைசாப் பெறுமானமுள்ள எதையும் ஆட்டக்காரன் வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. நாலு ஆட்டத்துக்கு வெளியே உட்காரவைத்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். நின்றவன் நகரவே இல்லை. அவ்வளவுதான், ஒரு தட்டோடு போயிற்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? அன்றிலிருந்து இந்த ஊரில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தாலும் வெர்னெல் ரசீது கேட்டு வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொள்வாள். இன்றைக்கு ரசீது இல்லை, மகன் தின்றுவிட்டான், இரண்டு மணிக்கு மகளுக்கு ஆட்டம். பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நடந்தாள். விரலை நக்கிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான் கர்ட்டிஸ்.

"அம்மா, விதி மாறி வருஷக்கணக்காச்சு. இப்ப விளம்பரத்துல வந்து சம்பாதிக்கலாம். சொன்னா நீ தூங்க மாட்டேன்னுதான் அவ சொல்லல."

"படிப்பு குடுக்குறாங்க, தங்க இடம் குடுக்குறாங்க, மூணு வேளை சாப்பாடு போடுறாங்க. அதுக்கு மேல என்னடா சம்பாத்தியம்? ஆசைப்பட்டுத்தானே ஒரு தடவை மாட்டுன?"

"நான் ஆடுனப்ப எழுபதாயிரம் பேரு டிக்கெட் வாங்கிட்டு வந்தாங்கம்மா. என் நம்பர் போட்ட சட்டையக் கல்லூரிக் கடையில வித்தாங்க. அதுல ஒண்ணு வாங்க என் கையில காசு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வெர்னெல் நின்றுவிட்டாள்.

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரி லாண்டரியில ரெண்டு ஷிஃப்ட் பாத்து வாங்கிக் குடுத்திருப்ப."

கொடுத்துத்தான் இருப்பாள். அதனால் நடையை எட்டிப் போட்டாள்.

மைதான வாசலில் கல்லூரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள் பெத்தானி. ஆட்டக்காரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வெர்னெல் நேரே போய் அவள் கையில் இருபது டாலரைத் திணித்தாள்.

"எம் பையன் ஓசியில ரெண்டு இறக்கை தின்னுட்டான். மூணாவதை நான் புடுங்கிட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை மட்டும் உக்கார வெச்சிடாதீங்கம்மா."

பெத்தானிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பெயரைக் கேட்டுக்கொண்டு போனில் தேடினாள். தேடத் தேட அவள் முகம் மலர்ந்தது.

"ஓர்வில் கடை ஒப்பந்தம் போன மாசமே எங்கிட்ட வந்துடுச்சு. எல்லாம் சரியா இருக்கு. மாசம் ஐநூறு டாலர். கீழ ரெண்டு வரி உங்க பொண்ணே எழுதிச் சேத்திருக்கா. படிக்கட்டுமா?" தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'எங்கம்மா வந்து எது சாப்பிட்டாலும் காசு வாங்கக் கூடாது. எங்கண்ணன் கர்ட்டிஸுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தட்டு இறக்கை, ரசீது இல்லாம.'"

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். திரும்பி நின்று மைதானத்தின் விளக்குக் கம்பங்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். வெர்னெல் அவன் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? "கழுதை! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!" என்றாள்.

அப்போது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் ஓர்வில். அவர்கள் கடையில் விட்டுவிட்டு வந்த தட்டு அவர் கையில்.

"இந்தத் தட்டு பதிமூணு வருஷமா என் நெஞ்சுல கனக்குதுப்பா. இப்பவாவது முழுசாத் தின்னு தொலை!"

வேலிக்கு அந்தப் பக்கம் பயிற்சியில் இருந்த ஜானே, கால்காப்பு தடதடக்க ஓடி வந்தாள்.

"அம்மா! சாப்பிட்டியா?"

"எங்க விட்டான் உங்கண்ணன்?" என்று சொல்லிக்கொண்டே வெர்னெல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். காரமும் வெண்ணெயும் நாக்கில் பரவின. இவ்வளவு ருசியா இது? பதின்மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை.

"வாசனை ஆளைத் தூக்குதே. நானும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கை நீட்டினாள் பெத்தானி.

கர்ட்டிஸ் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான்.

"ஐயையோ, நீங்க கல்லூரி ஆளு மேடம்! ஓசியில வாங்குனா விதி என்ன ஆகுறது? கடையில போய்க் காசு குடுத்து வாங்குங்க. பில்லு மறந்துடாதீங்க!"

ஓர்வில் சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியது. ஜானே அதைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பெத்தானியும் சிரித்து, அந்த இருபது டாலரை வெர்னெலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைப்பக்கம் நடந்தாள்.

நடுவர் கூப்பிட்டார். ஜானே முகமூடியை இறக்கிக்கொண்டு ஓடினாள். வெர்னெலின் பத்து விரலும் குழம்பு. துடைக்கத் துணி இல்லை. கைப்பையைத் திறந்து, மங்கிப்போன ரசீதுக் கத்தையில் ஒன்றை உருவி, ஒரு விரலைத் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை. இன்னொன்றை உருவினாள்.