எந்த ஆற்று மீன்

1

இந்தக் கதை டொரோண்டோவின் அஜின்கோர்ட்டில், கொத்துரொட்டிப் பார்சலுக்கு நின்ற வரிசையில் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்றவள் ஸ்டெபனி. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் தாயோடு இருப்பவள். மீன்களின் மரபணுவைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. வேலை எப்படிப் போகிறது என்று சும்மாதான் கேட்டேன். பார்சல் வந்த பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடலில் சால்மன்களும் மனிதர்களைப் போலத்தான், எங்கிருந்து வந்தோம் என்று—’

வேண்டாம். அகதி, வேர் என்று பேனா தனக்குப் பழகிய பாதையில் ஓடப் பார்க்கிறது. இது மீனைப் பற்றிய கதை. (அப்படித்தான் நினைக்கிறேன்.)

2

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது. பல ஆறுகளின் மீன்கள் கடலில் கலந்து திரியும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பசிபிக்கில் பிடிபட்டவற்றின் செட்டைத் துண்டுகள் ஸ்டெபனியிடம் வரும். (டொரோண்டோவுக்கு ஏன்? அங்கத்தை ஆய்வுகூடங்களில் வேலை குவிந்துவிட்டதாம். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.) ஒவ்வோர் ஆற்று மீனின் மரபணுவிலும் சில அடையாளங்கள் கூடக்குறைய இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்து, எந்த ஆற்றுமீன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவள் மதிப்பிட வேண்டும். அழிந்துவரும் ஓர் ஆற்றின் மீன் அளவுக்கு மேல் பிடிபட்டால், அந்தப் பகுதியில் மீன்பிடியை மூடிவிடுவார்கள்.

அந்த முறை துண்டுகள் வந்த பகுதியில்தான் அவளுடைய தம்பி கிளிபோட் படகில் வேலை செய்தான்.

3

முடிவு எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அளவுக்குள்ளும் இருக்கலாம், தாண்டியும் இருக்கலாம். மறுபடி செய்தாள். அப்படியே வந்தது.

மூடினால் மூடட்டும், பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்றார் தாய் அன்ரனெற். அன்றே கிளிபோட்டும் போன் எடுத்தான்.

“அக்கா, எங்கட மீன் எந்த ஆத்து மீன்?”

“தெரியேல்லையடா.”

“உனக்கே தெரியாதெண்டா வேற ஆருக்குத் தெரியும்?”

போனை வைத்த பிறகு அவளுக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அது மரபணுவில் இருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா? மேலாளரிடம் தம்பியைப் பற்றிச் சொல்லி, வேலையை வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னாள். கூட வேலை செய்யும் நிதுசன் செய்தான். அவனுக்கும் அதே முடிவு.

சந்தேகம் இருந்தாலே போதும் என்று மூடிவிட்டார்கள்.

4

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: கிளிபோட் விமானத்தில் வந்து இறங்குகிறான், தாய் ஓடிவந்து—

எழுதியதை ஸ்டெபனியிடம் காட்டினேன். “அவன் வரேல்லை, அண்ணை. போனும் எடுக்கிறானில்லை.”

இரண்டாவது: தப்பிய மீன்கள் தங்கள் ஆற்றுக்குத் திரும்பி ஏறுகின்றன.

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

தெரியாது. அதையும் வெட்டினேன்.

5

நேற்றுப் பின்னேரம் கதவைத் தட்டினாள். கிளிபோட்டிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது: வெறும் படகுத்தளம், கழுவிக் காயப்போட்ட ஒரு சோடிக் கையுறை. ஒரு சொல்லும் இல்லை.

“கோவமோ, வாறன் எண்டுறானோ? நீங்கள் எழுதிற ஆள்தானே, சொல்லுங்கோ.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபம் போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. இருந்து பதில் எழுதும்படி கதிரையை இழுத்துப் போட்டேன். ‘தம்பி’ என்று தட்டினாள். பிறகு அழித்தாள். பிறகும் ‘தம்பி’ என்று தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு அடுத்த சொல் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவளுக்குச் சொல்லுங்கள்; இன்னும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறாள்.