ரமிரோ தள்ளிவிட்ட கையேடுகள்

தன்னைப் புதைத்த ஒன்பதாம் நாள் ரமிரோ எஸ்பித்தியா பம்பு கம்பெனிக்கு வந்து, தன் சாவு கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. லோரிகா ஊரில் வழக்கமான வெயில். அவன் சட்டை மட்டும் நனைந்திருந்தது. வலது உள்ளங்கை கரிந்திருந்தது. காவலாளி அவனைக் கையேடு எழுதும் எடில்மா பெர்ரோகாலின் அறைக்கு அனுப்பிவைத்தான்.

எடில்மாவுக்குப் பக்கம் மனப்பாடம். நூற்றெழுபத்து மூன்று, கீழிருந்து இரண்டாவது வரி: மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தவும். சாவுச் செய்தி வந்ததிலிருந்து, எழுதியிருந்தேனே, எழுதியிருந்தேனே என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்தாள். அதையே அவனிடமும் சொன்னாள்.

"எழுதியிருக்கீங்கம்மா, இல்லேங்கல. புத்தகம் விவசாயிங்க சங்கத்து பீரோவுல இருந்துச்சு. நான் முழங்காலளவு சேத்துத் தண்ணியில நின்னுட்டிருந்தேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. உட்காரச் சொன்னாள். ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமைகளில் அவன் மனைவி தோமாசா வேகவைத்த மரவள்ளிக் கிழங்கோடு வந்து, அவன் சாப்பிடாததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

எடில்மா தடிப் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் அடங்கும் சிறுநூலாக்கினாள். அவன் விரல் பட்டதும் கூழாகிவிட்டது. நனையாத அட்டையில் அச்சடித்தாள்; அடுப்பு விசிற நல்லா இருக்கும் என்றான். குரலைப் பதிவுசெய்து கொடுத்தாள். பம்பு இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்காது என்றான். எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பிவிடலாம், காகிதச் செலவு மிச்சம் என்று முதலாளி லிபார்தோ சொன்னார்.

"எங்க வயல்ல சிக்னல் வேணும்னா மாமரத்துல ஏறணும் முதலாளி. பம்பு கீழதானே இருக்கு" என்றான் ரமிரோ.

செத்தவனிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. லிபார்தோ கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆறாம் வருஷம்தான் எடில்மாவுக்கு அதைக் கேட்கத் தோன்றியது: அந்த நேரம் உன் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

"மூடியத்தான். வேற எதப் பாப்பேன்?"

அன்றே பட்டறைக்குப் போய், பம்பின் மூடியிலேயே சிவப்புச் சாயத்தால் ஒரு கையையும் மின்னலையும், அணைத்த சுவிட்சையும் வரைந்தாள். எழுத்து ஒன்றுகூட இல்லை. ரமிரோ மூடியைத் திறக்கக் கையை நீட்டினான். கை பாதியில் நின்றது. 

"இது அன்னிக்கு இருந்திருந்தா நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேம்மா."

எடில்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அந்தப் படம் எல்லா மூடிகளிலும் ஏறிய பிறகு சினு ஆற்றங்கரை வயல்களில் அந்தப் பம்பால் ஒருவரும் சாகவில்லை. ரமிரோவும் விடைபெற்றுப் போனான். அடுத்த திங்கட்கிழமை திரும்பி வந்தான், கூடவே இரண்டு பேர்: குக்கர் வெடித்து வெந்துபோன ஒருத்தி, லிஃப்டில் நசுங்கிய ஒரு மெக்கானிக். இரண்டும் வேறு கம்பெனிச் சாமான்கள். அங்கெல்லாம் இவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லையாம்.

எடில்மா ஒரு பெஞ்சு கேட்டு எழுதினாள், லிபார்தோ கையெழுத்துப் போட்டார். எத்தனை பேர் உட்காரவேண்டும் என்று தச்சன் கேட்டபோது, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்துகொள்ளச் சொன்னாள்.