நாலு தட்டு

மெக்சிகோ வளைகுடாவில் நின்ற கப்பலின் மேல்தளத்தில், ஓர் இரும்பு அறைக்குள் பதினேழாவது நாளாக அடைந்து கிடந்தான் யூலிஸ் வெர்டின். கடலடிக் குழாய்களைப் பற்றவைக்கிறவன். வேலை நேரத்தில் தண்ணீருக்குள், மற்ற நேரமெல்லாம் இந்த டப்பாவுக்குள். நானூறு அடி ஆழத்து அழுத்தம் அறையிலும் இருந்தது. அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றை இழுத்தால் போதை தலைக்கேறும் என்று மூச்சுக்கு ஹீலியம் கலந்திருந்தார்கள். ஹீலியம் பரம சாது. எரியாது, எதோடும் ஒட்டாது, உறவாடாது. ஆனால் உடம்புச் சூட்டைத் திருடும், குரலை வாத்துக் குரலாக்கும்.

வெளியே வர ஐந்து நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் ரத்தம் சோடாவாக நுரைத்துவிடும். கையகல ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் காபியோடு நடந்தார்கள். நிலாவுக்குப் போனவன்கூட இவனுக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவான்.

மத்தியானம், வெளியிலிருந்து வாயுவைக் கவனிக்கும் வெல்டா ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். "யூலிஸ், கரையில, ஹூமா ஊர் ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க அக்கா. அப்பாவுக்கு இன்னிக்குத் தாண்டாதாம்."

அறையில் கூட இருந்த மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

வெல்டா போனை இணைத்ததும், "அப்பா, நான்தான்," என்றான் யூலிஸ். குரலைச் சரிசெய்யும் கருவி வார்த்தைகளைத் தெளிவாக்கித்தான் அனுப்பியது. ஆனால் அது யூலிஸின் குரலாக இல்லை.

"யாருடி இந்த வாத்து? எம்புள்ளைகிட்ட குடு." ஓவைட் கிழவருக்கு மூச்சுதான் குறைந்திருந்தது, எரிச்சல் குறையவில்லை.

"அவன்தாம்ப்பா. ஹீலியத்துல அப்படித்தான் கேக்கும்," என்றாள் அக்கா.

"கதை விடாதே எர்லீன். அவன் கடல்ல முங்கிச் செத்துட்டான். எவனையோ பேச வெச்சு நடிக்கிறீங்க."

"அப்பா, நம்ம நாய் பேரு பிஸ்டாஷ்!"

"அவ சொல்லிக் குடுத்திருப்பா," என்று அழுதார்.

பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அப்பா போய்விடுவாரே. யூலிஸ் சட்டென்று சூப் கரண்டியை எடுத்தான்.

ஓவைட்டும் கடலில் முங்கி வேலை செய்தவர்தான். அந்தக் காலத்தில் பேச்செல்லாம் கயிற்றில். மேலே இருப்பவன் ஒரு முறை இழுத்தால், நல்லா இருக்கியா? கீழே இருப்பவன் ஒரு முறை இழுத்தால், நல்லா இருக்கேன். நாலு என்றால், வேலை முடிந்தது, மேலே தூக்கு. வந்த எண்ணிக்கையை அப்படியே திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் கேட்டவன் கேட்டுக்கொண்டே இருப்பான். ஓவைட் வீட்டிலும் பிள்ளையின் அறைச் சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பதில் தட்டு வந்த பிறகுதான் படுப்பார்.

யூலிஸ் இரும்புச் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். ஹீலியத்தின் வேலை இரும்பிடம் பலிக்கவில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு தட்டு.

"கட்டில் கம்பியில மோதிரத்தால தட்டுறாருடா," என்றாள் எர்லீன். "சிரிக்கிறாரு!"

யூலிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் மறுபடி சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

வேலை முடிந்ததாம், தூக்கச் சொல்கிறார். ஐந்து நாள் பொறுங்கப்பா என்று சொல்லக் கயிற்றுப் பாஷையில் வழி கிடையாது. மறுபடி நாலு, இன்னும் மெதுவாக. பதில் வரும்வரை மனிதர் விடமாட்டார்.

யூலிஸ் மூன்று தட்டினான். வெகுநேரம் கழித்து நாலாவதையும் தட்டினான்.

"தட்டுறத நிறுத்திட்டாருடா," என்றாள் எர்லீன்.

கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது. ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.